சாவுப் பேஜ்காரி

என் முகத்தை எடுத்துவிட வேண்டுமாம். வேன் இருக்கலாம், பூ இருக்கலாம், குத்துவிளக்கு இருக்கலாம், என் முகம் மட்டும் கூடாதாம். அதைவிட, கல்யாணம் முடிகிறவரை பேஜையே மூடி வைத்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதியாம். அண்ணி இதையெல்லாம் என்னைப் பார்க்காமல் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கார் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த வாரம் அது. மாப்பிள்ளையின் அப்பா என் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டார்.

"அவங்க வீட்ல கொஞ்சம் சாங்கியம் பாக்கறவங்க. பொண்ணோட அத்த பெட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு சிரிச்சி சிரிச்சி பேசறது நல்லாவா இருக்கு, நீயே சொல்லு," என்றார் அண்ணி.

"நான் சிரிக்கல அண்ணி. என் மொகமே அப்படித்தான்."

எங்களுடையது இறுதிச் சடங்குத் தொழில். கிள்ளானில் ஒரு கடைவீட்டில் அப்பா தொடங்கியது. பெட்டி, வேன், பந்தல், பூ, சடங்கு செய்யும் பண்டாரம், மின்சுடலைக்கு நேரம் எடுப்பது, எட்டாம் நாள் படையல், கருமக்கிரியை வரை எல்லாம் நாங்களே பார்ப்போம். அப்பா போன பிறகு வெளிவேலை அண்ணனுக்கு, கடையும் தொலைபேசியும் எனக்கு. கடைக்கு இணையத்தில் இருக்கும் பேஜை நடத்துகிறவளும் நான்தான். ஒருவர் இறந்தால் என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று வாரா வாரம் என் முகத்தைக் காட்டிப் பேசுகிறேன். அந்தப் பேஜைத்தான் மூடச் சொன்னார்கள்.

"மூட மாட்டேன்," என்றேன். அண்ணி டீயை என் முன்னால் வைத்தார். கொஞ்சம் சத்தமாகவே வைத்தார்.

ஏன் மூட மாட்டேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் நாள்காட்டியிலிருந்து தொடங்க வேண்டும். ஆண்டு பிறந்தால் இந்த ஊரில் எல்லாக் கடையும் நாள்காட்டி கொடுக்கும். மளிகைக் கடை கொடுக்கும், நகைக் கடை கொடுக்கும், டயர் கடை கூடக் கொடுக்கும். எங்கள் கடை நாள்காட்டியை யார் வீட்டில் மாட்டுவார்கள்? அப்பா ஒரு வருடம் ஆசைப்பட்டு முருகன் படம் போட்டு அச்சடித்தார். நல்ல அழகான முருகன். வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் சிலர் வாங்கிக்கொண்டார்கள். பிறகு பண்டமாரானில் ஒரு வீட்டுக்கு வேறு வேலையாகப் போனபோது அதைச் சுவரில் பார்த்தோம். முருகன் இருந்தார். கீழே எங்கள் கடைப் பெயர் இருந்த பகுதியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்திருந்தார்கள். அப்பா பார்த்துவிட்டு, கொடுத்த காபியைக் குடித்தார். மறு வருடம் நாள்காட்டி அடிக்கவில்லை.

விளம்பரம் என்பது எங்களுக்கு அவ்வளவுதான். அட்டை கொடுத்தால் வாங்கமாட்டார்கள். வாங்கினாலும் வீட்டுக்குள் கொண்டு போகமாட்டார்கள், காரிலேயே விட்டுவிடுவார்கள். யாராவது இறந்த பிறகுதான் எங்கள் எண்ணைத் தேடுவார்கள். அந்த நேரத்தில் யார் எண் முதலில் கையில் படுகிறதோ அவர்களுக்குத்தான் வேலை. பெரிய பெரிய கம்பெனிகள் பளபளக்கும் வண்டிகளோடு வந்த பிறகு எங்கள் எண் யார் கையிலும் படவில்லை. அண்ணன் கோயில் கமிட்டி ஆட்களைப் பார்த்துக் கும்பிடு போட்டால் போதும் என்றார். போட்டுப் பார்த்தார். போதவில்லை.

ஆகவே நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் நடந்த வகுப்புக்குப் போனேன். சமூக ஊடகத்தில் ஆட்களைச் சேர்ப்பது எப்படி என்ற வகுப்பு. ஒவ்வொருவரும் எழுந்து தொழிலைச் சொல்ல வேண்டும். ஒருவர் கேக் என்றார், ஒருவர் புடவை என்றார், ஒருவர் டியூஷன் என்றார். என் முறை வந்தது, சொன்னேன். கேக் செய்கிறவர் நாற்காலியை மெல்ல நகர்த்திக்கொண்டார், நான் அவர் கேக்கைப் பார்த்தால் கெட்டுவிடும் என்பதுபோல. பாடம் நடத்திய பெண்மணி மட்டும் சமாளித்தார்.

"ஆக்சுவலி நல்ல பிசினஸ்லா இது. எமோஷனல் கனெக்ட் ஸ்ட்ராங்கா இருக்கும்."

அவர் சொல்லிக் கொடுத்தது ஒன்றும் தப்பில்லை. முதலில் விற்காதே, கொடு. ஆட்களுக்குப் பயன்படுகிற ஒன்றைச் சொல். விடாமல் போடு. கேள்வி கேள், வருகிற பதிலுக்கெல்லாம் பதில் போடு. கடைசியில் எல்லாருக்கும் தயார் நிலையில் வாசகங்களும் கொடுத்தார், நம் கடைப் பெயரைப் போட்டால் போதும். கேக் கடைக்குத் தைத்த சட்டையை நான் போட்டுக்கொண்டதில்தான் வம்பு வந்தது.

முதலில் வேனைக் கழுவிப் பூ வைத்துப் படம் போட்டேன். யாரும் சீண்டவில்லை. என் சொந்த சித்தி மகள் கூட லைக் போடவில்லை. கேட்டால், "ஐயோ அக்கா, அதுல போய் எப்படி லைக் போடறது," என்றாள். அதுவும் நியாயம்தான் என்று அப்போது நினைத்தேன். தீபாவளி வந்தது. வகுப்பில் கொடுத்த வாசகத்தை எடுத்து அப்படியே போட்டேன். எங்கள் பேஜை லைக் செய்து, உங்கள் நண்பர்கள் மூன்று பேரை டேக் செய்யுங்கள், அதிர்ஷ்டசாலிக்குத் தீபாவளி ஹாம்பர் பரிசு.

போட்டுவிட்டு முறுக்கு சுடப் போய்விட்டேன். சாவுக் கடைப் பேஜில் மூன்று பேரை டேக் செய்யுங்கள் என்றால் என்ன அர்த்தம் என்பது முறுக்கு வெந்து முடியும்போது எல்லாருக்கும் புரிந்திருந்தது, என்னைத் தவிர. ஒருவர் தன் மேனேஜரை டேக் செய்திருந்தார். ஒருவர் மச்சானை. ஒரு பெண் தன் கணவரை டேக் செய்து, பரிசு எனக்குக் கண்டிப்பா வேணும் என்று எழுதியிருந்தார். டேக் ஆனவர்கள் கொதித்துப்போய் எனக்கு மெசேஜ் அனுப்பினார்கள். அனுப்பிய ஒவ்வொருவருக்கும், வகுப்பில் சொன்னபடி நான் வைத்திருந்த தானியங்கிப் பதில் போயிற்று: நன்றி, உங்களுக்கு விரைவில் சேவை செய்யக் காத்திருக்கிறோம்.

அந்தப் பதிவு கிள்ளானைத் தாண்டி, கோலாலம்பூரைத் தாண்டி, ஜொகூர் வரைக்கும் போனது. பேஜ் தொடங்கிய நாளிலிருந்து வராத கூட்டம் ஒரு பொழுதில் வந்தது, என்னைத் திட்டுவதற்கு. அண்ணன் வேனை நிறுத்திவிட்டுக் கடைக்கு ஓடி வந்தார்.

"மொதல்ல அத டிலீட் பண்ணு. அப்பறம் பேஜயும் டிலீட் பண்ணு. மானம் போகுது."

நான் எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ஓடி ஒளிய நாங்கள் யாரையும் கொல்லவில்லை. கொல்வது எங்கள் தொழிலும் இல்லை, நாங்கள் அதற்குப் பிறகுதான் வருகிறோம். போட்டியை நிறுத்துகிறேன், சிரித்தவர்களுக்கும் திட்டியவர்களுக்கும் வணக்கம் என்று எழுதினேன். வந்ததுதான் வந்துவிட்டீர்கள், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள் என்றும் எழுதினேன். இன்று உங்கள் வீட்டில் ஒருவர் இறந்தால் முதலில் யாரை அழைப்பீர்கள்?

பதில்கள் வந்தன. ஆம்புலன்ஸ் என்றார்கள். கோயில் ஐயர் என்றார்கள். மாமா என்றார்கள். எனக்குத் தெரியாது என்று பலர் எழுதினார்கள். அதில் பாதிப் பேர் பத்து நிமிடம் முன்னால் என்னை நாசமாய்ப் போக வாழ்த்தியவர்கள்.

அன்றுதான் என் முகத்தைக் காட்ட முடிவு செய்தேன். கடையில் பெட்டிகள் அடுக்கியிருக்கும் சுவருக்கு முன்னால் நின்றேன். அண்ணன் முனகிக்கொண்டே ஃபோனைப் பிடித்தார். வீட்டிலேயே ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டும், அங்கே சொல்லிப் பெர்மிட் வாங்க வேண்டும், அது இல்லாமல் எரிக்கவோ புதைக்கவோ முடியாது என்று சொன்னேன். போலீஸ் என்றதும் பயப்பட வேண்டாம், அது குற்றம் சாட்டுவதற்கு இல்லை என்றேன். உடம்பை அவசரமாகத் தொட்டுத் தூக்காதீர்கள், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள், அழ வேண்டுமானால் அழுங்கள், எங்களுக்கு அப்புறம் கூப்பிட்டால் போதும் என்றும் சொன்னேன். ஒரே தடவையில் பேசி முடித்தேன். அண்ணன் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பரவால்ல," என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு.

லைக் விழவில்லை. வகுப்பு நடத்திய பெண்மணியிடம் காட்டினேன். எங்கேஜ்மென்ட் ரொம்ப லோ, வேற மாதிரி ட்ரை பண்ணுங்க, குட்டிப் பிள்ளைங்க, பூனை ஏதாச்சும் வைங்க என்றார். பூனையை வைத்து நான் என்ன சொல்ல? ஆனால் பேஜின் உள்ளே போய்ப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. லைக் போடாதவர்கள் அந்த வீடியோவைச் சேமித்து வைத்திருந்தார்கள். தனி மெசேஜில் ஒருவருக்கொருவர் அனுப்பியிருந்தார்கள். லைக் போட்டால் பெயர் தெரிந்துவிடும், சேமித்தால் தெரியாது. முருகனை மாட்டிக்கொண்டு எங்கள் பெயரை வெட்டியவர்கள்தானே! ஆனால் இந்த முறை நான் சொன்னதை முழுதாக வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது போதும் என்று தோன்றியது. போதும் என்பது கூட இல்லை, உள்ளுக்குள் குதித்தேன்.

பிறகு கேள்விகள் வந்தன. எல்லாம் தனி மெசேஜில், எல்லாம் யாரோ ஒரு ஃப்ரெண்டுக்காக. அம்பாங்கிலிருந்து ஓர் ஆள் கேட்டார். தமிழ்நாட்டிலிருந்து வேலைப் பெர்மிட்டில் வந்து சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவர். கூடத் தங்கியிருந்தவர் தூக்கத்திலேயே இறந்துவிட்டார், முதலாளி ஃபோனை எடுக்கவில்லை, ஊரில் அவர் மனைவிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றார். அண்ணனை அனுப்பினேன். உடலை ஊருக்கு அனுப்பி முடித்த பிறகு, அந்த மாதிரி நிலைமையில் யார் யாரிடம் போக வேண்டும் என்று ஒரு வீடியோ போட்டேன். அது எந்தெந்தத் தொழிலாளர் ஹாஸ்டலுக்கெல்லாம் போனதோ, இன்றைக்கும் யாராவது அதைச் சொல்லிக்கொண்டு அழைக்கிறார்கள். சாலாக் செலாத்தானிலிருந்து ஓர் அம்மா கேட்டார், எனக்கு ரெண்டும் பொண்ணு, நான் போனா கொள்ளி யாரு வைப்பா என்று. உங்கள் பெண்கள் வைப்பார்கள், தடுக்கிறவர்கள் இருந்தால் எனக்கு ஃபோன் செய்யச் சொல்லுங்கள் என்று வீடியோவிலேயே சொன்னேன். கோயில் கமிட்டியில் ஒருவர் அதற்குக் கீழே, கல்யாணம் ஆகாத பொம்பளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று எழுதினார். வாய் எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே முளைத்துவிட்டது அண்ணே என்று பதில் போட்டேன். பதில் போடாமல் விடக் கூடாது என்றுதானே வகுப்பில் சொன்னார்கள்.

சாவுப் பேஜ்காரி என்ற பெயர் அப்போதுதான் வந்தது. பாசாரில் என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பேன், உடனே கீரையைப் பற்றிப் பேசுவார்கள். வளைகாப்புக்கு அழைப்பு வருவது குறைந்தது. வலித்தது. வலிக்கவில்லை என்று வீம்புக்குச் சொல்லமாட்டேன். ஆனால் கடைத் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. வேனுக்கு ஓய்வில்லை. அண்ணன் கும்பிடு போடுவதை நிறுத்திவிட்டார்.

இப்படியிருக்கும்போதுதான் அவர் மகளுக்குக் கல்யாணம் கூடி, மூடு என்ற பேச்சும் வந்தது.

அவளே என்னைப் பார்க்க வந்தாள். நான் பள்ளிக்கு ஏற்றி இறக்கிய பிள்ளை. என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல அத்த. நீங்க செய்யறது நல்லதுதான்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த வீட்ல போய் இருக்கப் போறது நான்தானே."

அவள் போன பிறகு ஃபோனை எடுத்துப் பேஜை மறைக்கும் இடம் வரைக்கும் போனேன். ஒரு தட்டுத் தட்டினால் போதும். தட்டப் போகும்போது யோசித்தேன். இப்போது கல்யாணம். பிறகு தலை தீபாவளி. பிறகு வளைகாப்பு, பெயர் வைப்பு, காது குத்து. எங்கள் குடும்பத்தில் நல்ல காரியம் இல்லாத மாதம் என்று ஒன்று எப்போது வந்தது? அந்த மாதங்களிலெல்லாம் ஆட்கள் இறக்காமல் இருப்பார்களா? ஒரு முறை மூடினால் அது தப்பான காரியம் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும், பிறகு எந்த முகத்தோடு திறப்பது? ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் அண்ணனிடம் தெளிவாகச் சொன்னேன், பேஜும் இருக்கும், என் முகமும் இருக்கும், கல்யாண வாரத்திலும் வீடியோ வரும் என்று.

அண்ணன் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அலைந்தார், பாவம். கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார். பேஜ் எப்படியோ போகட்டும், பெண்ணின் அத்தை மேடைக்கு மட்டும் வர வேண்டாம், தட்டு எடுக்க வேண்டாம், படத்தில் நிற்க வேண்டாம். அண்ணன் இதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். சரி என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது அண்ணனுக்குத் தெரியும். அந்த வாரமும் வீடியோ போட்டேன்.

கல்யாணம் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன், அண்ணியின் புடவையைவிடக் கரை பெரிது, வேண்டுமென்றேதான் எடுத்தேன். நான் எடுக்க வேண்டிய தட்டை அண்ணியின் தங்கை எடுத்துப் போனார். கடைசி வரிசையில் நின்று தாலி கட்டுவதைப் பார்த்தேன். நான் போட்ட மஞ்சள் அரிசி மேடைவரை போகவில்லை, முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவரின் வழுக்கையில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன். கோபத்தில் பட்டினி கிடப்பது என் வழக்கம் இல்லை.

சாம்பாருக்குப் பிறகு ரசம் வந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா என் மேசைக்கு வந்தார். கழுத்தில் மாலை, தோளில் சரிகைத் துண்டு. எல்லாரையும் உபசரிக்கிற மாதிரி குனிந்தார்.

"சாப்பாடு எப்படி சம்பந்தி? நல்லா இருக்கா?" என்றார். பிறகு இன்னும் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "ஒரு விஷயம் கேக்கணும். எங்கம்மா வீட்ல படுத்த படுக்கையா இருக்காங்க. கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வர முடியல. ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு சொல்லிட்டாங்க. வீட்லயே ஆச்சின்னா மொதல்ல என்ன செய்யணும்? உங்க வீடியோவுல பாத்தேன், பாதிக்கு மேல பாக்க முடியல," என்றார்.

அவர் கை என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. எனக்குள் ஒருத்தி, இப்போதுதானா என்று கேட்கத் துடித்தாள். இன்னொருத்திக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, கடையில் பேசுகிற குரலிலேயே தொடங்கினேன். அம்மாவின் ஐசி எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள், பக்கத்து போலீஸ் நிலையம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள், அம்மாவைப் பார்க்கும் டாக்டரின் எண் கையில் இருக்கட்டும் என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். "கொஞ்சம் மெதுவா பேசுங்க சம்பந்தி. கல்யாண வீடு."

"மெதுவா பேசிப் பேசித்தான் யாருக்கும் ஒண்ணும் தெரியாமப் போச்சு," என்றேன். குரலைத் தாழ்த்தவில்லை. உயர்த்தவும் இல்லை. மீதியையும் சொன்னேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார்கள். எதிரே இருந்த ஆன்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இரும்மா, அந்த டாக்டர் விஷயத்த இன்னொரு தடவ சொல்லு," என்றார். இன்னொரு தடவையும் சொன்னேன்.

மாப்பிள்ளையின் அப்பா முழுவதையும் கேட்டார். பிறகு, "ஆள் அனுப்பாதீங்க. ஆனதும் நீங்களே வரணும்," என்றார். இந்த முறை அவரும் குரலைத் தாழ்த்தவில்லை.

"வரேன். எந்நேரம்னாலும் கூப்பிடுங்க, வந்து எல்லாத்தையும் பாத்துக்கறேன். ஆனா இப்பவே சொல்லிடறேன் சம்பந்தி. உங்கம்மா கிட்ட நான் கடைசி வரிசையில நிக்க மாட்டேன்."